‘பொறுங்க’, ‘ஏறுங்க’: ஸ்பானியப் பயணிகளிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: இலங்கையின் எல்ல என்ற ஊரில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு ஸ்பானிஷ் பேசும் குழுக்களைக் கூட்டிப்போவேன். ரயில் வரும்போது அகராதியில் பார்த்த ‘எஸ்பெரார்’ என்ற சொல்லைச் சொல்கிறேன். விளங்குகிறது, ஆனாலும் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எது பிழை?

பதில்: அகராதியில் இருப்பது வினையின் பெயர். ஒருவர் நம்மைப் பார்த்து ‘பொறுத்தல்! பொறுத்தல்!’ என்று கத்தினால் எப்படி இருக்கும்? அதுதான் நடக்கிறது. அறிவிப்புப் பலகையில் அந்த வடிவம் வரும். ஆளைப் பார்த்துச் சொல்ல ஏவல் வடிவம் வேண்டும்.

ஸ்பானிய வினைகள் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று முடிவுகளில் ஒன்றில்தான் முடியும். அந்த முடிவை வெட்டிவிடுங்கள். ஆர் வினையானால் ‘எ’ சேருங்கள். ஏர், ஈர் வினையானால் ‘அ’ சேருங்கள். ஒருவரிடம் மரியாதையாகச் சொல்லும் ஏவல் இதுதான். பலரிடம் சொல்ல, கடைசியில் ஒரு ‘ன்’ போதும். (கீழே நெடில் வரும் இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.)

எஸ்பெரார்: எஸ்பேரெ, எஸ்பேரென் – பொறுங்க
மிரார்: மீரெ, மீரென் – பாருங்க
பெபேர்: பேப, பேபன் – குடிங்க
சுபீர்: சூப, சூபன் – ஏறுங்க

நமக்கு ‘ஏறுங்க’ என்பது ஒரு பெரியவருக்கும் பத்துப் பேருக்கும் பொது. அவர்களுக்கு அப்படியில்லை, குழுவிடம் பேசும்போது ‘ன்’ விடுபடக் கூடாது.

‘நீ’ என்று பழகுபவர்களிடம் சொல்ல இன்னும் சுலபம். அகராதி வடிவத்தின் கடைசி ‘ர்’ போனால் சரி: எஸ்பேர, பேபெ. ஈர் வினையில் மட்டும் ‘இ’ ‘எ’யாகும்: சூபெ. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ‘எ என்றால் மரியாதை’ என்று ஒரே விதியாக மனப்பாடம் செய்துவிட்டு, நரைத்த தலை அம்மா ஒருவரிடம் ‘சூபெ’ என்பார்கள். அது ‘ஏறு’. அவரிடம் ‘சூப’ என்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நம் வாய்ப் பழக்கம். தமிழ்ச் சொல் குறில் எகரத்தில் முடியாது. அதனால் ‘எஸ்பெரே’ என்று நீட்டிவிடுவோம். நீட்டினால் அழுத்தம் கடைசிக்குப் போய்விடும். ‘எஸ்பே’யில் அழுத்தி, ‘ரெ’யைச் சட்டென்று விடுங்கள். பேப, சூப என்பவற்றில் வரும் ‘ப’ ‘பஸ்’ஸில் வருவது போன்றது.

ஸ்பெயினில் நண்பர் கூட்டத்திடம் கடைசி ‘ர்’ஐ ‘த்’ ஆக்கி ‘எஸ்பெராத்’ என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் அது பேச்சு வழக்கில் இல்லை. ‘எஸ்பேரென்’ இரண்டு இடத்தாருக்கும் பொருந்தும்; முதலில் அதையே பழகுங்கள். பின்னால் ‘போர் ஃபவோர்’ சேர்த்தால் ‘தயவுசெய்து’.

தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டும்போது ‘அதை’ என்ற சிறுசொல் ஏவலோடு ஒட்டும்: தோமெ (எடுங்க) + லொ = தோமெலொ. அழுத்தம் ‘தோ’விலேயே நிற்கும், எழுதும்போது அந்த உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு போட வேண்டும்.

‘ஏறாதீங்க’ என்பதற்கு முன்னால் ‘நோ’ போதும்: நோ சூபன். ஆனால் ‘நீ’ வடிவத்தோடு வெறும் ‘நோ’ சேராது. ‘ஏறாதே’ என்பது ‘நோ சூபஸ்’.

‘வாங்க’ இந்த விதிக்குள் அடங்காது. வேங்க, பலருக்கு வேங்கன் என்று அப்படியே மனப்பாடம் செய்யுங்கள்.