கோழியா, முட்டையா? தாய்லாந்து மொழி படிப்பவர்களுக்கான கேள்வி பதில்

கல்லூரியில் தாய்லாந்து மொழியையும் பண்பாட்டையும் பாடமாக எடுத்தவர்களும் எடுக்கப்போகிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. மொழி, எழுத்து, வகுப்பறைப் பழக்கம் பற்றி விரிவாகச் சொல்கிறேன். கட்டணமும் வேலைவாய்ப்பும் என் துறை அல்ல.

நெல்லை மாணவி: முதலில் பேசக் கற்றுக்கொண்டு, பிறகு எழுத்துக்கு வரலாமா அக்கா? இப்போதைக்குச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கிறேன்.

வேண்டாம்மா. முதல் வாரமே எழுத்தைத் தொடங்கிவிடுங்கள். கோழிக்கு அவர்கள் மொழியில் 'கை', முட்டைக்கும் 'கை'. உங்கள் நோட்டில் இரண்டும் ஒரே சொல்தான், அவர்கள் காதுக்கு வேறுவேறு. உயிரொலி ஒன்று, சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கமான தொனியும் ஒன்று. கோழியில் வருவது நம் 'கை'யின் க. முட்டையில் வருவது மூச்சு பீறிட்டு வரும் க. இந்தியில் சாப்பாட்டைக் குறிக்கும் 'கானா'வின் க போல. ப, த இரண்டிலும் இதே கதை. மூச்சில்லாத 'பா' என்றால் பெரியம்மா, மூச்சோடு சொன்னால் துணி. மூச்சில்லாத 'தா' கண், மூச்சோடு வந்தால் பூசுதல். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டுக்கு இடமே இல்லை. ஆறு மாதம் தமிழில் குறித்துப் படித்தவரின் வாயிலிருந்து அதை எடுக்க இன்னொரு ஆறு மாதம் பிடிக்கும்.

பயிற்சிக்கு ஒரு வழி: இரண்டு விரல் அகலத்தில் மெல்லிய டிஷ்யூ துண்டை உதட்டுக்கு முன் தொங்கவிடுங்கள். பெரியம்மாவைச் சொல்லும்போது அது அசையக்கூடாது, துணியைச் சொல்லும்போது பறக்க வேண்டும். க-வுக்குக் காகிதம் அவ்வளவாக அசையாது. உள்ளங்கையை வாயருகே வைத்துச் சூட்டை உணருங்கள்.

தமிழர்களுக்கே உரிய இன்னும் இரண்டு பிழைகள் உண்டு. சொல்லின் நடுவில் வரும் வல்லினத்தை நாம் தானாகவே மென்மையாக்கிவிடுவோம். ஆணிக்கு அவர்கள் சொல்லும் 'தபூ'வில் வருவது 'பல்'லின் ப. அதை 'கபம்' மாதிரி சொன்னால் வேறு எழுத்தாகிவிடும். அடுத்தது குற்றியலுகரம். அன்பைக் குறிக்கும் 'ரக்' நம் வாயில் 'ரக்கு' ஆகிறது, பத்து என்னும் 'சிப்' 'சிப்பு' ஆகிறது. உதட்டை மூடியதும் நிறுத்துங்கள், திறக்காதீர்கள்.

நமக்குச் சாதகமும் உண்டு. கெ, கே, கை என்று மெய்க்கு முன்னால் எழுதி, மெய்க்குப் பின்னால் ஒலிக்கும் குறிகள் நமக்குப் பழக்கம். அங்கும் ஐந்து உயிர்க்குறிகள் அப்படித்தான் மெய்க்கு முன்னால் வருகின்றன. அகராதியில் அந்தச் சொற்களை மெய்யெழுத்தின் கீழ்தான் தேட வேண்டும் என்பதும் நமக்குப் புதிதல்ல.

சேலம், பி.ஏ. முதலாண்டு: ஐந்து தொனி, மூன்று வகுப்பு, நான்கு குறி... அட்டவணையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

அட்டவணையை முழுதாகப் பார்ப்பதால்தான் சுற்றுகிறது. மெய்யெழுத்து 44, அதில் இரண்டு வழக்கொழிந்தவை. தொனியைக் கணக்கிட அவற்றை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். நடு வகுப்பு 9, உயர் வகுப்பு 11, தாழ் வகுப்பு 24. முதல் இரண்டு வாரம் நடு வகுப்பை மட்டும் படியுங்கள். அதிலும் அடிக்கடி வருபவை ஏழுதான். அவற்றுக்குத் தாய்லாந்துப் பிள்ளைகள் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: 'கை ஜிக் டெக் தாய் பொன் பாக் ஓங்'. கோழி கொத்திப் பானை வாயில் பிள்ளை செத்தது என்று பொருள். ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் நடு வகுப்பு.

நடு வகுப்பில் 'கா' ஒன்றை வைத்தே ஐந்து தொனியையும் பழகலாம். குறி இல்லாவிட்டால் சமதொனி. நான்கு தொனிக்குறிகளையும் வரிசையாக இட்டால் தாழ்தொனி, இறங்குதொனி, உயர்தொனி, ஏறுதொனி. இது வாயில் படிந்த பிறகு உயர் வகுப்பு: குறி இல்லாவிட்டால் ஏறுதொனி, முதல் குறிக்குத் தாழ்தொனி, இரண்டாவதற்கு இறங்குதொனி. கடைசியில் தாழ் வகுப்பு: குறி இல்லாவிட்டால் சமதொனி, முதல் குறிக்கு இறங்குதொனி, இரண்டாவதற்கு உயர்தொனி.

இதெல்லாம் நெடிலிலோ ம், ன், ங், ய், வ் ஒலியிலோ முடியும் 'உயிருள்ள' அசைக்கு. க், த், ப் ஒலியிலோ குறிலிலோ முடிவது 'செத்த' அசை. குறியில்லாத செத்த அசைக்கு நடு, உயர் வகுப்புகளில் தாழ்தொனி. தாழ் வகுப்பில் குறிலென்றால் உயர்தொனி, நெடிலென்றால் இறங்குதொனி.

எல்லாரும் இடறுவது வகுப்பு, குறி, தொனி இவற்றின் பெயர்களில்தான். உயர் வகுப்பு எழுத்து உயர்தொனியைத் தராது. முதல் குறி எப்போதும் ஒரே தொனியைத் தராது. எந்த வகுப்பு என்று பார்த்த பிறகே குறியைப் பாருங்கள்.

இன்னொன்று, கேள்வி கேட்கும்போது குரலைத் தூக்கும் பழக்கத்தை விடுங்கள். அங்கே குரலின் ஏற்ற இறக்கம் சொல்லுக்குச் சொந்தம். 'க்லை' இறங்குதொனியில் வந்தால் பக்கம், சமதொனியில் வந்தால் தூரம். வழி கேட்கிறவருக்கு இதைவிடப் பெரிய வேறுபாடு உண்டா?

குமரன்: மூன்று மாதத்தில் சரளமாகப் பேச முடியுமா?

முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்களுக்கு இந்த மொழிக்கென ஒதுக்குவது சுமார் 1,100 வகுப்பு மணி நேரம். மூன்று மாதத்தில் கடை, பேருந்து, சாப்பாடு என்ற அளவுக்குப் பேசலாம். அதுவும் நல்ல தொடக்கம்தான்.

செந்தாழை: ரோமன் எழுத்தில் படித்தால் தமிழில் உள்ள குழப்பம் வராதல்லவா?

வேறு குழப்பம் வரும். ஒரே சொல்லை நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள், அரசு முறையிலோ தொனியே கிடையாது. நெல்லை மாணவிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

பினாங்கு மலர்: ஹாட்யாய் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் படிக்கப் போகிறேன். மூத்த மாணவர்களையும் ஆசிரியர்களையும் எப்படி அழைப்பது?

மூத்தவர் 'பீ', இளையவர் 'நோங்'. நம் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை மாதிரிதான், ஆனால் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஒரே ஆண்டு மூத்தவரானாலும் 'பீ' போட்டுச் செல்லப்பெயரைச் சொல்லுங்கள். பல்கலைக்கழக ஆசிரியர் 'ஆஜான்'. பெயருக்கு முன் மரியாதையாகச் சேர்க்கும் 'குன்' இயற்பெயரோடுதான் வரும், குடும்பப்பெயரோடு வராது. குடும்பப்பெயரே 1913 சட்டத்தால்தான் அங்கே கட்டாயமானது.

நீங்கள் பெண் என்பதால் வாக்கிய முடிவில் 'க' சேர்ப்பீர்கள். சாதாரண வாக்கியத்தில் அது இறங்குதொனி, கேள்வியில் உயர்தொனி. ஆசிரியரிடம் பேசும் மாணவிகள் தங்களை 'நூ' என்று சொல்லிக்கொள்வார்கள். எலி என்று பொருள், பணிவும் செல்லமும் கலந்த வழக்கு. ஆண்கள் 'பொம்' என்பார்கள், முடிவில் 'க்ரப்'.

கும்பிடும்போது கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பொதுவாக முகவாயில், ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மூக்கு நுனியில், பிக்குவுக்குப் புருவ மத்தியில். இளையவர்தான் முதலில் கும்பிட வேண்டும். கடைச் சிப்பந்தி கும்பிட்டால் புன்னகையோ தலையசைப்போ போதும்.

கல்வியாண்டின் தொடக்கத்தில் 'வை க்ரூ' வரும். ஆசிரியரை வணங்கும் நாள், வழக்கமாக வியாழக்கிழமை. அங்கும் அது பிரகஸ்பதியின் பெயர் கொண்ட கிழமை. தட்டில் நான்கு பொருள்: அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெல்பொரி. இட்லிப்பூவுக்கு அவர்கள் பெயர் 'கெம்', அதாவது ஊசி. ஊசி போன்ற கூர்மையான அறிவு. கத்தரிப்பூ எப்போதும் தலைகவிழ்ந்தே இருக்கும், அது பணிவு. வெட்டினாலும் மிதித்தாலும் படரும் அருகு பொறுமை. சட்டிக்குள் அடங்கிப் பொரியும் நெல் கட்டுப்பாடு. தட்டு கட்டும்போது சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், உட்கார்ந்து நீங்களும் கட்டுங்கள்.

கடலோடி: தாய்லாந்து மொழியே தமிழிலிருந்து பிறந்ததுதானே? ஆசான் 'ஆஜான்' ஆகியிருக்கிறது. பாங்காக்கில் திருவெம்பாவை பாடுகிறார்கள். எழுத்தும் பல்லவர் எழுத்து. இதையெல்லாம் பாடத்தில் ஏன் மறைக்கிறார்கள்?

யாரும் மறைக்கவில்லை. நீங்கள்தான் மூன்று தனிச் செய்திகளை ஒன்றாகக் கட்டுகிறீர்கள்.

'ஆஜான்' என்பதை எழுதிப் பாருங்கள். கடைசியில் ர, ய இரண்டும் நிற்கும், ய தலையில் ஒலியவிப்புக் குறியோடு. அது வடமொழி 'ஆசார்ய'. ஒலி போனாலும் எழுத்து மூலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. வடமொழி, பாலி, கம்போடியாவின் கெமெர் சொற்கள் ஏராளமாகப் புகுந்த மொழி அது. ஆனால் அடிப்படை வேறு. அதன் உறவு லாவோ, சான் மொழிகளோடு, தாய்-கடாய் (Tai-Kadai) என்னும் மொழிக்குடும்பம். எண்களைக் கேளுங்கள்: சோங், சாம், சீ, ஹா, ஹொக், ஜெட், பேட், காவ், சிப். சீனத்திலிருந்து வந்தவை இவை. இதில் இரண்டு, மூன்று, நான்கின் சாயல் எங்கே?

திருவெம்பாவை உண்மை. பாங்காக்கின் அரசவைப் பிராமணர் கோயிலில் நடக்கும் 'த்ரியம்பவாய்' சடங்கின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். வாட் சுதாட் என்ற புத்தக் கோயில் முன்னால் நிற்கும் பெரிய ஊஞ்சல் அந்தச் சடங்கைச் சேர்ந்தது. ஊஞ்சலாடுவது 1935-இல் நின்றது, கோயிலுக்குள் ஓதுவது தொடர்கிறது. ஆனால் ஒரு கோயிலின் வழிபாட்டு மரபு ஒரு மக்களின் மொழியைப் பெற்றுவிடாது.

கடலோடி: எழுத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? பல்லவர் நம்மவர் இல்லையா?

பல்லவ எழுத்து கெமெர் எழுத்தாகி, அதிலிருந்து தாய்லாந்து எழுத்து வந்தது. காஞ்சியின் கை அதில் இருக்கிறது, பெருமைப்படலாம். ஆனால் எழுத்து உறவு மொழி உறவு ஆகாது. துருக்கியர் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள், அதனால் துருக்கி மொழி லத்தீனின் பிள்ளையா?

வரலாறு முதுகலை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ராம்கம்ஹேங் கல்வெட்டே போலி என்கிறார்களே?

தாய்லாந்து எழுத்தின் மிகப் பழைய சான்றாகச் சொல்லப்படும், 1292 என்று கணக்கிடப்படும் கல்வெட்டு அது. 1833-இல், பின்னாளில் மன்னரான மோங்குட் பிக்குவாக இருந்தபோது சுகோத்தாயில் கண்டெடுத்தார். உயிர்க்குறிகள் மெய்யோடு ஒரே வரியில் வருவது போன்ற காரணங்களால் மைக்கேல் விக்கரி, பிரியா க்ரைரிக்ஷ் ஆகியோர் ஐயம் எழுப்பினார்கள். பெரும்பாலான அறிஞர்கள் உண்மையானது என்றே கொள்கிறார்கள், யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் இருக்கிறது. தேர்வில் இரு தரப்பையும் எழுதுங்கள்.

கடலோடி, தமிழ்த் தொடர்பைத் தேடினால் தென் தாய்லாந்துக்குப் போங்கள். தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் சொல்கிறது. கிராபி மாகாணத்துக் க்லோங் தோமில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல்லில் தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது. கல்லில் பெயரோடு நிற்கும் சான்றுகள் இவை. இவற்றை வைத்து ஆய்வுக்கட்டுரை எழுதலாம். 'ஆஜான் ஆசான்தான்' என்று எழுதினால் முதல் பக்கத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதோடு இந்த விவாதம் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஈரோடு: கல்வி விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும்?

சேரும் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவும் தூதரகமும் சொல்வதே கணக்கு, விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: விடுமுறைக்கு ஊருக்கு வருமுன் மறுநுழைவு அனுமதி வாங்காவிட்டால், விமானம் ஏறியதும் தங்கும் அனுமதி ரத்தாகிவிடும். தொடர்ந்து தங்கினால் 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும்.

பெயர் வேண்டாம்: வகுப்பில் அரச குடும்பம் பற்றி விவாதிக்கலாமா?

ஆசிரியர் தொடங்கும் பாடத்துக்கு வெளியே வேண்டாம். அரச அவமதிப்பைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை. வெளிநாட்டவருக்கும் பொருந்தும், இணையத்தில் எழுதுவதும் அதில் அடங்கும்.

தஞ்சை: முக்கியமான 500 சொற்களைத் தமிழ் எழுத்தில் பட்டியலிட்டுத் தர முடியுமா?

தரமாட்டேன். கோழியும் முட்டையும் அதில் ஒன்றாகவே இருக்கும்.

ஆவணக் காப்பக மாணவி: பழைய ஆவணங்களில் உள்ள புத்த ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்ற 543-ஐக் கழித்தால் போதுமா?

1941 முதல் போதும். அதற்கு முன்பெல்லாம் புத்தாண்டு ஏப்ரல் 1-இல் பிறந்தது. அதனால் அந்தக் கால ஆவணத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையான தேதி இருந்தால் 542-ஐக் கழிக்க வேண்டும். 2475 பிப்ரவரி என்றால் 1933. இதைக் கவனிக்காமல் ஓராண்டு பிசகிய அடிக்குறிப்புகள் ஏராளம். நேரத்திலும் கவனம்: 'தீ சோங்' அதிகாலை 2 மணி, 'பாய் சோங்' பிற்பகல் 2, 'சோங் தும்' இரவு 8.

குமரன்: கடைசியாக ஒன்று. சொற்களுக்கு நடுவே இடைவெளியே இல்லையே, எப்படிப் பிரித்துப் படிப்பது?

நல்ல கேள்வி. இடைவெளி சொல் முடிவில் வராது, தொடர் முடிவில்தான் வரும். 'தாக்லொம்' என்பதை தா-க்லொம் என்று பிரித்தால் உருண்டைக் கண், தாக்-லொம் என்று பிரித்தால் காற்றாட இருப்பது. எழுத்து ஒன்றே, முன்பின் சொற்கள்தான் தீர்மானிக்கும். தொடக்கத்தில் நாளுக்கு ஐந்து வரி எடுங்கள். பென்சிலால் சொல்லெல்லையில் கோடு போட்டு, சத்தமாகப் படித்து, அகராதியில் சரிபாருங்கள். மெய்க்கு முன் எழுதும் அந்த ஐந்து உயிர்க்குறிகளில் ஒன்று வந்தால் அங்கே புது அசை தொடங்குகிறது. முதல் கோட்டை அதற்கு முன்னால் போடுங்கள்.