திருகோணமலையில் ஓய்வு நேரம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

போன கிழமை, "திருகோணமலையில் பொழுதை எப்படிப் போக்கலாம், எதையும் கேளுங்கள்" என்று எழுதியிருந்தேன். பிறந்து வளர்ந்த ஊர். வருகிற சொந்தக்காரர்களையெல்லாம் சுற்றிக் காட்டுவது இன்றுவரை என் வேலைதான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து வேலை மாறி வந்து இரண்டு மாதம். அங்கே மோல், தியேட்டர், கோல்பேஸ் என்று சனி ஞாயிறு ஓடிவிடும். இங்கே அறைக்குள்ளேயே கிடக்கிறேன். என்னதான் செய்வது?

தம்பி, பத்து மணிக்கு எழும்பி வெளியே வந்தால் வெயில் மட்டும்தான் கிடைக்கும். இந்த ஊர் விடியற்காலையிலும், பின்னேரம் நாலரைக்குப் பிறகும்தான் திறக்கிறது. ஒரு ஞாயிறு ஐந்தரைக்கு எழும்பி திருக்கடலூர்ப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ கடற்கரைக்குப் போங்கள். காற்றில்லாத காலமென்றால் கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று, கயிற்றை இடுப்போடு அணைத்து, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்வார்கள். ஒருவர் அம்பா என்னும் வலையிழுப்புப் பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இரண்டு அணியும் மெல்ல மெல்ல நெருங்கிவரும். வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரையைத் தொடும் நேரத்தில் காகமும் செம்பருந்தும் தலைக்கு மேல் சுற்றத் தொடங்கும். மடியைப் பிரித்தால் சூடையும் பாரையும் வெள்ளியாகத் துள்ளும். சும்மா நின்று பார்க்காமல் கயிற்றில் ஒரு கை கொடுங்கள். கறிக்கு நாலு மீன் கையில் வரும், பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேரும் கிடைப்பார்கள்.

பின்னேரம் உட்துறைமுக வீதிக்குப் போங்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் மறையாது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே உட்துறைமுகம் ஊருக்கு மேற்கே இருப்பதால், விடியலை டச்சுக்குடாவில் பார்த்துவிட்டு அந்தியையும் தண்ணீருக்கு மேலேயே பார்க்கலாம்.

கோணேசர் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். கும்பிட்டுவிட்டு வருவதைத் தவிர அங்கே பார்க்க வேறு என்ன இருக்கிறது?

கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஆட்டோவை விட்டு இறங்குங்கள் அக்கா. எல்லோரும் நேரே கோயில் வரைக்கும் வாகனத்திலேயே போய்விடுகிறார்கள். 1622இல் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களையே இந்தக் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் இன்றும் இருக்கிறது, கூடவே ஒரு தமிழ்க் கல்வெட்டும். குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், பிரிப்பார்கள் என்று சொல்லும் வரிகள் அதில் உள்ளன. இடிபட்ட கோயிலின் கல்லே அந்தச் செய்தியையும் தாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். பிள்ளைகளை அதன் முன்னால் ஐந்து நிமிடமாவது நிறுத்துங்கள்.

அப்புறம் மேலே ஏறி, பாறை பிளந்து நிற்கும் இராவணன் வெட்டில் எட்டிப் பாருங்கள். கீழே அந்தக் கடலுக்குள் 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுழியோடி, பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டார்கள். இப்போது நாம் கும்பிடும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். வாய்ப்பிருந்தால் சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் ஊரில் நில்லுங்கள். வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்துக் காத்திருப்பார்கள். அதைவிடப் பெரிய கலைவிழா இந்த ஊரில் இல்லை.

கோட்டைக்குள் மான்களுக்கு என்ன கொடுக்கலாம்? மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஒன்றும் கொடுக்க வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பொலித்தீன் பையோடு உணவு வீசுவதால் அதையும் சேர்த்துத் தின்று மான்கள் செத்திருக்கின்றன. மகள் கையில் ஒரு பையைக் கொடுத்து, வழியில் கிடக்கும் பொலித்தீனைப் பொறுக்கச் சொல்லுங்கள். மானுக்கு அவள் செய்யக்கூடிய நல்ல காரியம் அதுதான்.

புறாமலைக்கு எப்போது போகலாம்? லண்டனிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது.

மே முதல் செப்டெம்பர் வரை. புறாமலை ஒரு சின்னத் தீவு, நிலாவெளியிலிருந்து வள்ளத்தில் ஒரு கிலோமீற்றர் அளவுதான். 2003இலிருந்து அது தேசியப் பூங்கா, ஆகவே டிக்கெட் எடுக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் பல மடங்கு. தம்பியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்கள் அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். காலை எட்டு மணிக்கு முன் போய்ச் சேர்ந்தால் கூட்டம் இருக்காது, தண்ணீரும் தெளிவாக இருக்கும். முழங்கால் ஆழத்திலேயே கறுப்பு நுனிச் செட்டையோடு குட்டிச் சுறாக்கள் சுற்றும். அவை பயந்து விலகிப் போகும், நாம் பயப்பட வேண்டியதில்லை. முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில், மட்டும் காலை வைக்காதீர்கள். அது உயிருள்ளது, விரல் அளவு வளரவே வருடங்கள் எடுக்கும்.

கடல் குளம் மாதிரி அமைதியாகத்தானே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காற்றடித்த மிதவை வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அலை எழும்பாததால் கடல் பாதுகாப்பாகத் தெரியும். என் அக்காவின் மகன் எட்டு வயதில் உப்புவெளியில் அப்படி ஒரு மிதவையில் படுத்திருந்தான். நாங்கள் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து நிமிர்ந்தபோது கத்திக் கூப்பிட்டாலும் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டான். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணை தோணியைத் தள்ளிப் போய் ஏற்றிவந்தார். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் மிதவை இல்லை. குளிப்பதென்றால் காலையில், இடுப்பளவுத் தண்ணீரில். மாரியில், அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை, கடலில் இறங்கவே வேண்டாம்.

திமிங்கிலம் உண்மையிலேயே தெரியுமா?

தெரியும். இங்கே ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு மிக அருகே வருகிறது, அதனால் நீலத் திமிங்கிலமும் கிட்ட வரும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். வள்ளம் பேசும்போதே, துரத்த வேண்டாம், நூறு மீற்றர் தள்ளி நிறுத்துங்கள் என்று சொல்லிவிடுங்கள். சட்டமும் அதுதான்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. மழைக்காலத்தில்தான் வர முடியும். எங்கே கூட்டிப் போகலாம்?

கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இறந்த தாய்க்கு ஈமக்கடன் கழிக்க இராவணன் உண்டாக்கினான் என்பது கதை. இன்றும் தாய் தகப்பனுக்குக் கிரியை செய்ய அங்கே போகிறார்கள். மழை தூறும் காலையில் கிணறுகளின் மேல் ஆவி எழும்பும், வெந்நீர் உடம்புக்கு இதமாக இருக்கும். குறைந்த சூட்டுக் கிணற்றில் தொடங்கச் சொல்லுங்கள். குனிந்து அள்ள அம்மாவால் முடியாது, வாளியால் நீங்கள் அள்ளி ஊற்ற வேண்டும். கிணற்றடி வழுக்கும், ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். மாற்றுச் சேலையையும் காய்ந்த துவாயையும் மறக்க வேண்டாம்.