இரண்டு முனுசாமிகள், ஒரு கொள்ளுத் தாத்தா

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். டர்பன் அருகே செட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். எங்கள் குடும்ப வரலாற்றைப் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். கொள்ளுத் தாத்தா முனுசாமி, சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். அம்ஜின்டோ பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கப்பல் பட்டியல்களில் தேடியதில், அவருக்குப் பொருந்துகிற முனுசாமிகள் இருவர் அகப்பட்டார்கள். ஒருவருக்கு ஜில்லா வட ஆற்காடு, மற்றவருக்குச் செங்கல்பட்டு. வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். புத்தகம் அச்சுக்குப் போகும் நிலையில் நிற்கிறது. “யார் என்று முடிவாகத் தெரியாமல் அச்சடித்தால் பொய் வரலாறு ஆகிவிடும், அண்ணா” என்று தம்பி தடுக்கிறான். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் அவன் மகனோ, “எந்த ஆய்வும் முடிவதில்லை, பெரியப்பா. முழுமை என்று ஒன்று கிடையவே கிடையாது” என்று சிரிக்கிறான். அப்படியென்றால் எதற்காகத் தேட வேண்டும்? எப்போது நிறுத்த வேண்டும்?

பதில்: அன்புள்ள ஐயா,

உங்கள் தம்பி மகன் சொன்னது உண்மைதான். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு எழுந்து போகிற அளவுக்கு அது சின்ன உண்மை அல்ல. அதனால்தான் உங்களுக்குச் சோர்வு வந்திருக்கிறது. ‘முடிவே கிடையாது’ என்றதும், ‘அப்படியானால் நீ கண்டுபிடித்த எதுவும் நிற்காது’ என்று காதில் விழுந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. ஓர் ஆய்வில் சில பகுதிகள் நாளைக்கே மாறலாம். சில, எத்தனை பேர் வந்து உலுக்கினாலும் அசையாது. எது எந்த வகை என்று வாசிப்பவருக்குத் தெரியும்படி எழுதிவிட்டால் ஆய்வாளரின் கடமை முடிந்தது. அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

நம் தென்னாப்பிரிக்கக் கடலிலேயே இதற்கு ஒரு மீன் சாட்சி இருக்கிறது. 1938 டிசம்பர் 22 அன்று ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு வந்த இழுவலைப் படகின் மீன் குவியலில், நீலம் பாய்ந்த கனத்த செதில்களும் கைகால் மாதிரி தடித்த துடுப்புகளும் உள்ள ஒரு விசித்திர மீனை ஊர் அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர் கண்டார். ஒன்றரை மீட்டர் நீளம், 57 கிலோ எடை. நாற்றம் அடிக்கிற அந்த மீனை ஏற்றிக்கொள்ள டாக்சி ஓட்டுநர் முரண்டு பிடித்தார். எப்படியோ பேசிச் சமாளித்துக் கொண்டுபோய்ச் சேர்த்து, கையால் படம் வரைந்து கிரகாம்ஸ்டவுனில் இருந்த மீன் ஆய்வாளர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்குக் கடிதம் அனுப்பினார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வெளியூர் போயிருந்த ஸ்மித்தின் கைக்குக் கடிதம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. இங்கத்திய டிசம்பர் கோடை வெயிலில் மீன் தாங்குமா? பாடம் செய்பவரிடம் கொடுத்துத் தோலைக் காப்பாற்றினார்கள். உள்ளுறுப்புகள் குப்பைக்குப் போய்விட்டன. பிப்ரவரியில் ஸ்மித் நேரில் வந்தபோது அவர் பார்த்தது பாடம் செய்து நிறுத்திய உடலைத்தான்.

அந்த மீன் சீலகாந்த். சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துவிட்டது என்று உலகம் நம்பியிருந்த இனம். குடலும் இல்லை, ஈரலும் இல்லை. இதை வைத்து என்ன எழுதுவது, இன்னொன்று கிடைக்கட்டும் என்று ஸ்மித் உட்கார்ந்திருக்கலாம். அவர் 1939-லேயே எழுதி வெளியிட்டார். லாட்டிமரின் பெயரையும் மீன் பிடிபட்ட கடற்பகுதிக்கு அருகிலுள்ள சலும்னா ஆற்றின் பெயரையும் சேர்த்து லாட்டிமேரியா சலும்னே என்று பெயர் வைத்தார். பிறகு மீனின் படத்தோடு, ‘கண்டுபிடித்துத் தருபவருக்கு 100 பவுண்ட்’ என்று மூன்று மொழிகளில் துண்டறிக்கை அடித்து ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் பரப்பினார். இரண்டாவது மீன் 1952-ல் கொமோரோ தீவில் அகப்பட்டதற்கு அந்தத் துண்டறிக்கையே காரணம். வெளியிட்டதால்தான் அடுத்த சான்று தேடி வந்தது என்பதைக் கொஞ்சம் மனத்தில் வையுங்கள். உங்கள் புத்தகத்துக்கு வரும்போது இது வேண்டியிருக்கும்.

கதை அங்கே நிற்கவில்லை. இரண்டாவது மீனுக்கு முதுகின் முதல் துடுப்பு இல்லை. இது வேறு இனமேதான் என்று ஸ்மித் முடிவுகட்டி, தமக்கு ராணுவ விமானம் கொடுத்து உதவிய பிரதமர் மலானின் பெயரால் மலானியா என்று சூட்டினார். (நன்றிக்கடனுக்கு எல்லை வேண்டாமா என்று எனக்குத் தோன்றும், அது வேறு விஷயம்.) பின்னால் பார்த்தால் அதே இனம்தான், துடுப்பை இழந்திருந்த மீன், அவ்வளவுதான். மலானியா போயிற்று, லாட்டிமேரியா நின்றது. 1990-களில் இந்தோனேசியாவில் இன்னோர் இனம் அகப்பட்டது. 2000-ல் நம் குவாசுலு-நட்டாலின் சோட்வானா விரிகுடாவிலேயே முக்குளிப்பவர்கள் உயிருள்ள சீலகாந்துகளைக் கண்டார்கள். இந்த மீன் இருபது ஆண்டு போல வாழும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2021-ல் செதில்களை வேறு வகை ஒளியில் பார்த்த ஆய்வாளர்கள், முன்பு கண்ணுக்குத் தப்பிய மெல்லிய வளையங்களை எண்ணி, நூறு வயதை நெருங்கும் என்றார்கள். வயது மாறியது, வாழிடம் மாறியது, இனங்களின் எண்ணிக்கை மாறியது. ஈஸ்ட் லண்டனில் இறங்கியது சீலகாந்த் என்பது மட்டும் மாறவில்லை. உள்ளுறுப்பே இல்லாத ஆய்வு அது.

முடிந்துவிட்டது என்று மூடி வைத்த ஆய்வின் கதி என்ன என்பதற்கும் நம் நாட்டோடு தொடர்புள்ள கதை ஒன்று உண்டு. இங்கே டாவுங் என்ற ஊரில் 1924-ல் கிடைத்த குழந்தை மண்டையோட்டை, மனித மூதாதை வரிசையைச் சேர்ந்தது என்று உடற்கூறு அறிஞர் ரேமண்ட் டார்ட் 1925-ல் எழுதினார். இங்கிலாந்து அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. மனித மூதாதையுடையது என்று 1912-ல் இங்கிலாந்தில் வெளியான பில்ட்டவுன் மண்டையோடு அவர்களுக்கு முடிந்துபோன உண்மையாக இருந்ததும் ஒரு காரணம். அது மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்துச் செய்த மோசடி என்று 1953-ல்தான் அம்பலமானது. இடைப்பட்ட காலத்தில் பலருக்கும் வார்ப்பு நகல்தான் கைக்குக் கிடைத்தது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். உறுதியான குரலில் அச்சேறியதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஐயத்தோடு அச்சேறியதாலேயே பொய்யாகிவிடவும் செய்யாது.

இனி உங்கள் முனுசாமிகள்.

முதலில் ஒரு சங்கடமான கேள்வி. இருவரில் ஒருவர்தான் கொள்ளுத் தாத்தா என்று எப்படி முடிவு செய்தீர்கள்? 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை நட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் முனுசாமிக்கா பஞ்சம்? தமிழிலோ தெலுங்கிலோ சொன்ன பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஒருவர் மூன்சாமி, இன்னொருவர் முனிசாமி, மற்றொருவர் முனியன். நீங்கள் தேடாத எழுத்துக்கூட்டலில் மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். ஆகவே ‘இருவரில் ஒருவர்’ என்று எழுதாதீர்கள். ‘இதுவரை பொருந்துவதாகக் கண்ட இருவர்’ என்று எழுதுங்கள். இரண்டு சொல் கூடுதல்தான். ஆனால் உங்களுக்குப் பிறகு தேடுகிறவருக்கு ஒரு கதவு திறந்திருக்கும்.

வட ஆற்காடு என்பதையும் அவசரமாக வேலூர் என்று எழுதிவிட வேண்டாம். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை அந்தப் பக்கத்துத் தாலுக்காக்கள் பலவும் வட ஆற்காட்டில்தான் இருந்தன; இன்று அவற்றில் பெரும்பாலானவை ஆந்திரம். முனுசாமியின் ஊர் அங்கே இருந்தால், தமிழ்நாட்டு வரைபடத்தில் எத்தனை ஆண்டு தேடினாலும் கிடைக்காது. பட்டியலில் ஜில்லாவோடு தாலுக்கா, கிராமம் பத்திகளும் இருக்கும். அங்க அடையாளமும் குறித்திருப்பார்கள், ‘இடது முழங்காலில் தழும்பு’ என்கிற மாதிரி. அந்த வரியை அப்படியே படம் பிடித்துப் புத்தகத்தில் போடுங்கள். நீங்கள் படித்துச் சொல்வதைவிட, படிப்பவர் தாமே பார்ப்பது நல்லது. அந்தக் காலத்துக் கையெழுத்தில் ஓர் எழுத்தை நீங்கள் ஒருவிதமாகவும் உங்கள் பேத்தி வேறுவிதமாகவும் வாசிக்கக்கூடும்.

எப்போது நிறுத்துவது என்று கேட்டீர்கள். களைப்பு வந்தபோது அல்ல. திருப்தி வந்தபோதும் அல்ல, அது உங்களைப் போன்றவர்களுக்கு வரவே வராது. இன்றைக்கு ஒரு தாளை எடுத்து, என்ன ஆவணம் கிடைத்தால் வட ஆற்காட்டுக்காரர் என்று ஒப்புக்கொள்வேன், என்ன கிடைத்தால் செங்கல்பட்டுக்காரர் என்று ஒப்புக்கொள்வேன் என்று எழுதுங்கள். பல குடும்பங்களுக்கு இந்த முடிச்சை அவிழ்த்தது கூலி நம்பர்தான், அதாவது ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் கொடுத்த தனி எண். பழைய திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இறந்தவரின் சொத்துக் கோப்பு, ஒப்பந்தம் முடிந்த சான்று என்று எதிலாவது அந்த எண் ஒட்டிக்கொண்டிருக்கும். கொள்ளுப் பாட்டியின் எண்ணையும் தேடுங்கள். ஆண்கள் பெயரையே துரத்துகிறவர்கள் அந்த அம்மாளை மறந்துவிடுகிறார்கள், வழி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் உள்ள ஆவணக் காப்பகங்களில் இவற்றைக் கேட்டுப் பார்த்தாகிவிட்டதா? பார்த்து, கிடைக்கவில்லை என்றால், எங்கே பார்த்தேன், எந்த ஆண்டு வரை பார்த்தேன் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு நிறுத்துங்கள். ‘கிடைக்கவில்லை’ என்பதும் ஒரு கண்டுபிடிப்பு. அதை எழுதாமல் விட்டால் அடுத்தவர் அதே கோப்பை மறுபடி முதலிலிருந்து புரட்டுவார்.

தம்பியின் பயத்தைச் சும்மா தள்ளிவிட மாட்டேன். குடும்பப் புத்தகத்தில் யாரும் பின்குறிப்பு படிப்பதில்லை. வம்ச விளக்கப்படத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் முனுசாமிக்கு மேலே ஓர் ஊர்ப் பெயரை நேர்கோட்டில் எழுதிவிட்டால், பத்து ஆண்டு கழித்து ஒரு பேரன் டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், யாரோ ஒருவரின் மாரியம்மன் கோயிலில் கண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பான். எனவே ஐயத்தைப் படத்திலேயே காட்டுங்கள். உறுதியானவற்றுக்கு முழுக்கோடு, உறுதியில்லாதவற்றுக்குப் புள்ளிக்கோடு. இரண்டு ஊரையும் பக்கம் பக்கமாகப் போடுங்கள். அம்ஜின்டோ தோட்டத்துக்கு உங்களிடம் காகிதம் இருந்தால் அது முழுக்கோடு. ‘ஆயா சொன்னார்’ என்றால், ஆயா சொன்னார் என்றே இருக்கட்டும்.

முதல் பதிப்பை வருகிற குடும்பக் கூட்டத்துக்குத் தேவையான அளவு மட்டும் அடியுங்கள். அட்டையில் ஆண்டைப் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஆங்கிலமும் வேண்டும். கையெழுத்துப் படியை நீட்டி, “சரியா பாருங்கள் சின்னம்மா” என்றால், “நீ படித்தவன், உனக்குத் தெரியாததா?” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதே பக்கம் அச்சில் வந்து, தன் தங்கையின் பெயர் விட்டுப் போயிருக்கிறது என்று தெரிந்தால் மறுநாள் காலை தொலைபேசி ஒலிக்கும். அந்தக் கோபத்தில் சொல்லப்படும் தகவல்கள் எந்தக் காப்பகத்திலும் இல்லாதவை. சொல்லக்கூடியவர்களுக்கோ வயதாகிக்கொண்டே போகிறது. இரண்டாம் பதிப்பு அவர்களால்தான் வரும்.

தம்பியை இரண்டு பக்க முன்னுரை எழுதச் சொல்லுங்கள்: இந்த நூலில் எவற்றை அவர் இன்னும் நம்பவில்லை, ஏன் நம்பவில்லை என்று. தம்பி மகனைச் சிரித்ததோடு விட்டுவிடாதீர்கள். காப்பகத்தில் படிவம் நிரப்பிக் கோப்பு எடுக்கும் வழக்கம் அவருக்கு இருக்கும். கொள்ளுப் பாட்டியின் கூலி நம்பரைத் தேடும் வேலையை அவரிடம் கொடுங்கள்.