பிரிட்டனில் டிவி லைசென்ஸ்: கேள்வி பதில்

கே: நாங்க பிபிசி பக்கமே போறதில்ல. டிவியோட இணைக்கிற பெட்டி வாங்கி வச்சுத் தமிழ் சேனல் மட்டும்தான் பாக்குறோம். அதுக்கும் கட்டணுமா?

ப: கட்டத்தான் வேண்டும். டிவி லைசென்ஸ் என்பது பிபிசியை நடத்த வீடுகள் கட்டும் ஆண்டுக் கட்டணம்; ஆனால் பிபிசி பார்ப்பவர்களுக்கு மட்டுமானதல்ல. எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகும்போதே பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் தேவை. டிவியா போனா என்பது கணக்கில்லை. சேனலின் நேரலையை யூடியூபில் ஓடவிட்டாலும் இதே விதிதான். அதே சீரியலை மறுநாள் ஆப்பில் எடுத்துப் பார்த்தால் வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் படத்துக்கும் வேண்டாம். பிபிசியின் சொந்த ஆப்பான ஐபிளேயர் மட்டும் இதற்கு விதிவிலக்கு: 2016 செப்டம்பரிலிருந்து அதில் பழைய நிகழ்ச்சி பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். ஆண்டுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டானது.

கே: அண்ணை, ஒருத்தர் கதவைத் தட்டி, உள்ள வந்து ரீவியைப் பாக்கோணும் எண்டவர். அம்மா தனிய இருந்தவா. விடோணுமோ?

ப: தேவையில்லை. வருபவர் போலீஸ் இல்லை, லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க பிபிசிக்காக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்து ஊழியர். நீதிமன்ற வாரண்ட் இல்லாமல் வாசற்படி தாண்ட அவருக்கு உரிமை கிடையாது. பெயர் சொல்லவோ பதில் சொல்லவோ அம்மாவுக்குக் கட்டாயமும் இல்லை. 'பேச விருப்பமில்லை' என்று கதவைச் சாத்திவிடலாம்.

பலர் மாட்டுவது வாசலில் நின்று பேசும்போதுதான். 'நீங்கள் சொல்வது சாட்சியாகலாம்' என்ற எச்சரிக்கை வாசகத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார், பதிலைப் படிவத்தில் எழுதுவார், கையெழுத்துக் கேட்பார். 'எப்பவாவது நியூஸ் பாப்பன்' என்று சொல்லி ஒப்பமிட்டால் வழக்குக்கு அதுவே சாட்சி. புரியாத தாளில் கையெழுத்து வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

வாரண்டோடு வந்தால் கதை வேறு. வேண்டுமென்றே தடுப்பதும் குற்றம். முகவரியும் தேதியும் சரிதானா பாருங்கள்; வாரண்ட் ஒரு மாதம்தான் செல்லும். குற்றம் உறுதியானால் அபராதம் 1,000 பவுண்ட் வரை.

கே: அப்பாவுக்கு 76 வயசு. இலவசம்தானே?

ப: 2020 ஆகஸ்ட் முதல் வயது மட்டும் போதாது. அவரோ கூட வாழும் துணைவியோ பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்க வேண்டும். லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தால் சலுகை வராது. அப்பா பெயருக்கு மாற்றுங்கள். அப்புறம் அதுவே முழுக் குடும்பத்துக்கும் போதும்.

கே: மகள் யூனி ஹாஸ்டலில். எங்கள் லைசென்ஸ் போதுமா?

ப: லேப்டாப் சொந்த பேட்டரியில் ஓடும்வரை போதும். சார்ஜரைச் செருகிக்கொண்டு நேரலை பார்த்தால் அவளுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். விசித்திரமான விதி, ஆனால் அப்படித்தான்.

கே: நாலு பேர் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எத்தனை லைசென்ஸ்?

ப: ஒரே ஒப்பந்தத்தில் நால்வர் பெயரும் இருந்தால் ஒன்று. அறைக்கு ஒரு ஒப்பந்தம் என்றால், அறையில் டிவி பார்ப்பவர் ஒவ்வொருவரும் தனியாக எடுக்க வேண்டும்.

கே: இனி நேரலையே பார்க்கப் போவதில்லை. பேங்கில் டைரக்ட் டெபிட்டை நிறுத்தினால் முடிந்ததா?

ப: அதை மட்டும் செய்தால் பாக்கிக் கடிதம் வரும். முதலில் லைசென்ஸ் கொடுக்கும் டிவி லைசென்சிங் அமைப்பின் இணையதளத்தில் லைசென்ஸைத் தேவையில்லை என்று ரத்து செய்யுங்கள். மிச்சமிருக்கும் முழு மாதங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். டெபிட்டை அதற்குப் பிறகு நிறுத்துங்கள்.