அம்மப்பாவின் பிற்காலத்தைத் தேடும் தங்களுக்கு

வணக்கம். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பணியாற்றிய தங்கள் அம்மப்பாவிடமிருந்து, 1957இல் அத்தளம் பிரித்தானியரிடமிருந்து இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட பின் கடிதமே வரவில்லை என்றும், யாழ்ப்பாணத்தில் இறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

இறப்பு, சொந்த ஊரில் அன்றி உயிர் பிரிந்த இடத்துக்குரிய பிரிவிலேயே பதியப்படும் என்பதால், திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் உத்தேச ஆண்டுகளைக் குறிப்பிட்டு, பதிவேட்டைத் தேடித்தருமாறு விண்ணப்பியுங்கள். சான்றிதழ் கிடைத்தால் இறப்பை அறிவித்தவரின் பெயரையும் முகவரியையும் முதலில் பாருங்கள். கடைசிக் காலத்தில் அம்மப்பாவுடன் இருந்தவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார் என்பதால், அந்த ஒரு வரியையே நான் மிகவும் பெறுமதியாகக் கருதுகிறேன். அம்மப்பா கத்தோலிக்கராயின், திருகோணமலைப் புனித மரியாள் பேராலயத்திலும் அடக்கப் பதிவுகளை விசாரியுங்கள். ஆங்கிலத்தில் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கக்கூடும். ஆகவே அவருடைய தந்தையின் பெயரையும் சேர்த்தே கொடுங்கள்.