பின்வரிசையில் ஓரகத்தி

கேள்வி: பதினைந்து வருடமாக ஒரே சபைக்குத்தான் போகிறேன். பாடும்போது கண்ணீர் வந்துவிடும். ஆனால் பின்வரிசையில் என் ஓரகத்தி உட்கார்ந்திருப்பார். மாமியார் படுக்கையில் கிடந்தபோது யார் பார்த்துக்கொண்டது என்பதில் வந்த சண்டை. நான்கு வருடமாகப் பேச்சில்லை. "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்" என்று போதகர் சொன்னதும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆராதனை அன்பைக் கற்றுக்கொடுக்கும் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் கற்றுக்கொடுக்கவில்லை?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, கற்றுக்கொடுக்கவில்லை என்று யார் சொன்னது? திரும்பிக்கொள்ளும் அந்த ஒரு நொடி உங்களை உறுத்தி உறுத்தி, கடைசியில் இந்தக் கடிதத்தையும் எழுத வைத்துவிட்டது. பாட்டில் வரும் கண்ணீரைவிட இந்த உறுத்தலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மனம் உருகினால் அன்பு தானாக வந்துவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அப்படி வந்ததில்லை. நீச்சலைப் போல உடம்பு செய்து செய்துதான் பழக வேண்டியிருக்கிறது. என் பக்கத்தில் நிற்பவர் எல்லாப் பாட்டையும் அரைச் சுருதி கீழே பாடுவார், அதுவும் முழுத் தொண்டையில். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் நிறுத்திக் காத்திருக்கிறேன். யாரும் இதை எனக்குப் பிரசங்கம் செய்யவில்லை. சேர்ந்து பாடியதில் ஒட்டிக்கொண்டது.

இயேசு கற்றுக்கொடுத்த, நாம் சபையில் சேர்ந்து சொல்லும் கர்த்தரின் ஜெபத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் 'நான்', 'எனக்கு' என்று ஒரு இடத்திலும் இல்லை. ஆகாரம் கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் 'எங்களுக்கு'த்தான். தமிழில் இது இன்னும் துல்லியம். கடவுளைப் பார்த்துப் பேசுவதால் 'நமக்கு' என்று சொல்ல முடியாது, 'எங்களுக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த 'எங்கள்' யார்? கூட நிற்கிறவர்கள். அப்படியானால் நான்கு வருடமாக வாரம் தவறாமல் உங்கள் ஓரகத்தியின் சாப்பாட்டுக்கும் சேர்த்து நீங்கள் ஜெபித்திருக்கிறீர்கள். அவரும் உங்களுக்காக.

இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஆதித் திருச்சபைக் காலத்தில், கிரேக்க நகரமான கொரிந்துவின் சபையில் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று அந்தச் சபையைத் தொடங்கிய பவுல் கடுமையாக எழுதினார். அதற்கு அவர் சொன்ன மருந்து மிகச் சாதாரணமானது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." கி.பி. 155 வாக்கில் ரோமில் ஜஸ்டின் என்பவர் எழுதி வைத்த ஞாயிறு ஆராதனை விவரத்தில், வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகிறது. இதையெல்லாம் ஆராதனை முடிந்தபின் செய்யும் தர்ம காரியமாக அவர் தனியே பிரித்து எழுதவில்லை, ஞாயிறு கூடுகையின் பகுதியாகவே எழுதியிருக்கிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், பலிபீடத்துக்கு முன் காணிக்கையோடு நிற்கிறவனைப் பார்த்து, அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. எப்போது? 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. மாமியாரை யார் எத்தனை நாள் பார்த்தார்கள் என்ற கணக்கே இங்கே வரவில்லை. நீங்கள் சொல்வது முழுக்க நியாயமாகவே இருக்கட்டும். அவர் மனதில் ஒரு குறை இருக்கிறது, போவதற்கு அது போதும். அந்த நினைவு வருகிற இடத்தையும் பாருங்கள்: பலிபீடத்தின் முன். உங்களுக்கும் அங்கேதானே வருகிறது?

அதற்காக அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் பின்வரிசைக்குப் போய்க் கையைப் பிடித்துவிடாதீர்கள். ஆளைத் தப்பிக்க முடியாமல் மடக்குவதாகிவிடும். சபையில் நடக்கும் பகிரங்க சமாதானங்களில் பாதி பார்ப்பவர்களுக்காக நடப்பவை என்பது என் சந்தேகம், தப்பாகவும் இருக்கலாம்.

முதலில் கொஞ்ச நாள் அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். 'அவளைத் திருத்தும் ஆண்டவரே' என்று வேண்டாம். அவர் உடம்புக்கு, பிள்ளைகளுக்கு என்று ஜெபியுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை போன் செய்யுங்கள். "அத்தை படுத்திருந்த நாட்களில் நீங்களும் களைத்துத்தான் போயிருப்பீர்கள். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை" என்று சொன்னால் போதும். 'ஆனால்' என்று ஆரம்பிக்கும் எதையும் அன்று பேச வேண்டாம்.

அவர் போனை வைத்துவிடலாம். நான்கு வருடப் பேச்சின்மை ஒரே அழைப்பில் கரைய வேண்டும் என்று கட்டாயமில்லை. எதுவானாலும் ஞாயிறன்று வழக்கமான இடத்திலேயே உட்காருங்கள், போதகர் சொல்லும்போது பின்பக்கம் திரும்புங்கள். கை நீட்ட முடியாவிட்டால் தலையசைப்பு போதும். என்ன ஆயிற்று என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.