செரோட்டோனின் தடுப்பு மருந்துகளும் வளரும் மூளையும்: கேள்வி பதில்

கேள்வி (மருந்தியல் மாணவி): செரோட்டோனின் ஏற்பியை அடைக்கும் மருந்து குளூட்டமேட் ஏற்பியையும் அடைத்துவிடுமா?

பதில்: செரோட்டோனினும் குளூட்டமேட்டும் நரம்புச் செல்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள்; அவற்றை ஏற்றுக்கொள்ளும் புரதமே ஏற்பி. செரோட்டோனின் ஏற்பியை அடைக்கும் மருந்து குளூட்டமேட் ஏற்பியைப் பொதுவாக நேரடியாக அடைப்பதில்லை, குளூட்டமேட் ஏற்பிகளை நெறிப்படுத்தும் ஒரு கையைத்தான் அது விலக்குகிறது. எலிகளின் மூளை மேலடுக்கின் முன்பகுதியான முன்நெற்றிப் புறணியில் 5-எச்டி1ஏ என்னும் செரோட்டோனின் ஏற்பி தூண்டப்பட்டால், என்எம்டிஏ என்னும் குளூட்டமேட் ஏற்பியின் ஒரு பகுதியான 2பி துணையலகைச் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்கள் வழியே, செய்தி பெறும் கிளையான டென்ட்ரைட்டுக்குக் கொண்டுசேர்க்கும் போக்குவரத்து தளர்ந்து, என்எம்டிஏ மின்னோட்டம் குறைகிறது. 5-எச்டி2ஏ என்னும் மற்றொரு செரோட்டோனின் ஏற்பி தூண்டப்படும்போது இந்தக் குறைவு தடுக்கப்படுகிறது. ஆகவே, எந்த ஏற்பி அடைபடுகிறது என்று கேட்காமல் விளைவைப் பேச முடியாது.

கேள்வி: வளரும் மூளையின் செல்லுக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம்?

பதில்: இளம் நியூரான்களில் (நரம்புச் செல்களில்) என்எம்டிஏ ஏற்பியின் 2பி துணையலகே மேலோங்கியிருக்கும், அந்த ஏற்பி நெடுநேரம் திறந்திருந்து கால்சியத்தை உள்ளே விடுவதால், எந்த இணைப்பு நிலைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. வயது ஏற ஏற அதே ஏற்பியின் 2ஏ துணையலகு மிகுதியாகிறது.

கேள்வி: மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளூஆக்ஸெட்டினும் செரோட்டோனின் தடுப்பு மருந்துதானே?

பதில்: இல்லை, இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. அது செரோட்டோனின் செல்லுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத்தான் தடுக்கிறது. அதனால் வெளியே செரோட்டோனின் கூடுகிறது. வளரும் மூளையில் செரோட்டோனின் அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை, அதைச் சிதைக்கும் நொதியான மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ இல்லாத சுண்டெலிகள் காட்டின: மிகுதியான செரோட்டோனின், புலன்செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸிலிருந்து வரும் இழைகளிலுள்ள 5-எச்டி1பி என்னும் செரோட்டோனின் ஏற்பிகளை ஓயாமல் தூண்டியதால், மீசைமயிர் ஒவ்வொன்றுக்கும் புறணியில் தனித்தனியே அமையவேண்டிய செல்கூட்டங்கள் உருவாகவே இல்லை. பிறந்த முதல் நாட்களிலேயே செரோட்டோனின் உற்பத்தியைக் குறைத்தபோது அவை உருவாயின. காலம் தவறினால் உருவாவதில்லை. இந்தத் துறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த சோதனை இதுவே.

கேள்வி (ஒரு தாய்): ஐயா, பசி எடுப்பதற்காக என் மகனுக்கு சைப்ரோஹெப்டடின் சிரப் கொடுக்கிறோம். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, அது ஒவ்வாமையில் பங்குள்ள ஹிஸ்டமினின் ஏற்பிகளையும், செரோட்டோனினின் 5-எச்டி2 ஏற்பிகளையும் அடைக்கும் மருந்து, மூளைக்குள்ளும் செல்வதால்தான் குழந்தைக்குத் தூக்கம் வருகிறது. ஆய்வகத் தட்டில் நியூரானை மருந்துக்கரைசலில் வைத்துக் காணும் மாற்றத்தை, சிரப் குடிக்கும் பிள்ளையின் மூளைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. எனினும், மருத்துவர் எழுதித் தராமல் கடையில் வாங்கிக் கொடுத்துவருகிறீர்கள் என்றால், இன்றே குழந்தை மருத்துவரிடம் சொல்லி, பசியின்மைக்குக் காரணம் இரத்தசோகையா, குடற்புழுவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.